1854 தபால் தலையும் பழைய கவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியா முழுமைக்குமான முதல் தபால் தலைகள் 1854 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றை ஒட்டி அனுப்பிய கடிதங்களைச் சேர்ப்பவர்களும், சேர்க்க நினைப்பவர்களும், வீட்டுப் பரணில் பழைய கட்டு ஒன்றைக் கண்டெடுத்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

எந்தெந்தத் தலைகள் இதில் வரும்?

அரை அணா நீலம், ஓரணா சிவப்பு, இரண்டணா பச்சை, நாலணா சிவப்பும் நீலமும். நான்கிலும் விக்டோரியா ராணியின் முகம்தான். ஓரத்தில் துளைப் பல் கிடையாது, தபால் ஆபீசில் கத்தரியால் வெட்டித்தான் கொடுத்தார்கள். இரண்டணா மட்டும் கல்கத்தா நாணயச் சாலையில் உலோக அச்சில் வந்தது. மற்ற மூன்றும் கல்லச்சு. கல்கத்தா நில அளவைத் துறை அலுவலகத்தில், கேப்டன் துய்லியர் மேற்பார்வையில் அச்சானவை. அதற்கு முன்பு அந்த அலுவலகம் வரைபடம் அச்சடித்துக் கொண்டிருந்த இடம். தலை அச்சடித்துப் பழக்கம் இல்லை என்பது ஒவ்வொரு தாளிலும் தெரியும். மங்கல், கறை, தேய்ந்த கல், திருத்திய கோடு என்று எல்லாம் உண்டு. சேகரிப்பவர்களுக்கு அதுவே கொண்டாட்டம்.

1855-56 முதல் லண்டனில் டிலாரூ நிறுவனம் சுத்தமாக அச்சடித்து அனுப்பத் தொடங்கியது. அதோடு கல்லச்சுத் தலைகளின் காலம் மெல்ல முடிந்தது.

தலையைத் தனியாகச் சேர்க்காமல் கவரோடு ஏன் சேர்க்க வேண்டும்?

தனித் தலை, தான் என்ன விலைக்கு விற்றது என்பதை மட்டும் சொல்லும். கவர், அந்தத் தலை என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லும். எங்கே ஒட்டினார்கள், எத்தனை எடைக்கு, எந்த வழியாகப் போனது, எத்தனை நாளில் சேர்ந்தது, யார் யாருக்கு எழுதினார்கள் எல்லாம் அதில் இருக்கும். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பம் பழக்கம் பரவியபோது, கவர்களைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை உரித்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டார்கள். ஆகவே தலை ஏராளம் மிஞ்சியது, கவர் அந்த அளவுக்கு மிஞ்சவில்லை.

என்னிடம் இருப்பது உறையே இல்லை, மடித்த தாள்தான். அது கவர் ஆகுமா?

ஆகும். அந்தக் காலத்துக் கடிதங்களில் பெரும்பகுதி மடிப்புக் கடிதம்தான். எழுதிய தாளையே மடித்து, அரக்கோ பசையோ வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதி அனுப்பினார்கள். சேகரிப்பவர்கள் இரண்டையும் கவர் என்றே சொல்கிறார்கள். எனக்கு மடிப்புக் கடிதம்தான் கூடுதலாகப் பிடிக்கும். உறை கிடைத்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. மடிப்புக் கடிதத்தில் செய்தியும் கூடவே வந்துவிடும்.

1854க்கு முன்பு இந்தியாவில் தபால் தலையே இல்லையா?

ஒரு மாகாணத்தில் இருந்தது. சிந்து ஆணையர் பார்ட்டில் ஃப்ரேர் 1852 ஜூலை 1 அன்று வெளியிட்ட 'சிந்து டாக்' தலைகள் ஆசியாவிலேயே முதல். வட்ட வடிவம், அரை அணா விலை, நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ வணிகச் சின்னம். முதலில் சிவப்பு அரக்கு வில்லையில் பதித்தார்கள். பையில் போகும்போதே அது நொறுங்கியது. பிறகு வெள்ளைத் தாளில் நிறமில்லாமல் புடைப்பாக, அப்புறம் நீலத்தில் என மாற்றினார்கள். சிவப்பு அரக்கு முழுதாகக் கவரில் இருந்தால் அது அருங்காட்சியகத் தரம். 1854இல் பொதுத் தலை வந்ததும் இவற்றை நிறுத்திவிட்டார்கள். போலி மிக அதிகமாக உலவும் தலை இதுதான். தொடக்கநிலையில் இருப்பவர் இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு கவரைக் கையில் எடுத்தால் எதை முதலில் பார்ப்பது?

தலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் கட்டணம்.

1854 சட்டப்படி கால் தோலா எடை வரை அரை அணா, அரை தோலா வரை ஓரணா, ஒரு தோலா வரை இரண்டணா. தூரம் கணக்கில் இல்லை. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கும் அதே அரை அணா, பெஷாவருக்கும் அதே அரை அணா. அதற்கு முன்பு மைல் கணக்கில் ரொக்கமாக வசூலித்தார்கள், எனவே இது பெரிய மாற்றம். ஒரு தோலா என்பது 11.66 கிராம். கால் தோலா மூன்று கிராம்கூட இல்லை. அரை அணாக் கடிதம் ஏன் மெல்லிய தாளில், நுணுக்கி நுணுக்கி எழுதப்பட்டிருக்கிறது என்பது இப்போது புரியும். தடித்த தாள் இரண்டு சேர்ந்த கடிதத்தில் ஒரே ஒரு அரை அணா இருந்தால் யோசிக்க வேண்டும்.

அடுத்தது முத்திரைகள். பொதுவாக இரண்டு வகை இருக்கும். தலையை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அடித்த கேன்சலேஷன் ஒன்று. புள்ளிகளாலான சாய்சதுரம், நடுவில் எண் போட்ட சாய்சதுரம், எண்கோணம் என்று பல வடிவம். ஊர் பெயரும் தேதியும் உள்ள முத்திரை தனி. அது முன்பக்கமோ பின்பக்கமோ இருக்கும். வழியில் தொட்ட ஊர்களின் முத்திரையும் பின்பக்கத்தில் விழும். எந்த எண் எந்த ஊருக்கு என்று ரெனூஃப், மும்பையின் ஜால் கூப்பர் போன்ற முத்திரை ஆய்வாளர்கள் உழைத்துப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்த வகைப்படுத்தலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

பிறகு இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திருநெல்வேலியில் 1855இல் போட்டு சென்னைக்கு வந்த அரை அணாக் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே 1856 ஜூலையில்தான், அதுவும் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. ஆக இந்தக் கடிதம் தபால் ஓட்டக்காரர்கள் தோளில்தான் வந்திருக்கும். மறுநாளே சென்னை வந்து சேர்ந்ததாகப் பின்பக்க முத்திரை சொன்னால் ஏதோ சரியில்லை. கட்டணம், எடை, எண், ஊர், நாள், வழி ஆறும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் வேறு பேசினால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

உள்ளே தமிழில் எழுதியிருக்கிறது. ஆங்கிலத் தேதி இல்லை. காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ் தெரிந்த சேகரிப்பாளருக்கு இங்கேதான் லாபம். வெளிநாட்டு ஏலங்களில் 'உள்ளூர் மொழிக் கடிதம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நம்மால் படிக்க முடியும்.

மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே பெரும்பாலும் வருஷப் பெயர், மாதம், தேதி இருக்கும். தேதியைத் தமிழ் எண்ணில் எழுதி ௳ என்ற குறி போடுவார்கள். மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. இந்த மூன்று குறிகளையும் க, உ, ங என்று தொடங்கும் தமிழ் எண்களையும் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் தலைகள் வந்த 1854 அக்டோபர் 1, ஆனந்த வருஷம் புரட்டாசி. அதற்கடுத்து ராட்சச (1855-56), நள (1856-57), பிங்கள (1857-58), காளயுக்தி (1858-59). கல்லச்சுத் தலை உள்ள தமிழ்க் கடிதங்களில் இந்தப் பெயர்கள் வர வேண்டும். வருஷம் சித்திரையில் மாறுவதால் தை, மாசி, பங்குனிக் கடிதங்களுக்கு அடுத்த ஆங்கில ஆண்டைக் கொள்ளுங்கள்.

அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் ஆனந்த 1914இலும் வரும். ஆனால் தலையும் முத்திரையும் இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது. கடிதத்தில் ஆனந்த ஐப்பசி என்று இருந்து, முத்திரையில் 1856 என்று இருந்தால், வேறொரு தாளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புள்ளி வைக்காமல், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதியிருப்பார்கள். முதலில் திணறும். இரண்டு மூன்று கடிதம் உரக்கப் படித்துப் பாருங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

சிங்கப்பூர், பினாங்கு முத்திரை உள்ள இந்தியத் தலை கிடைத்தது. அச்சுப் பிழையா?

இல்லை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 1854 முதல் 1867 ஆகஸ்ட் வரை அங்கே இந்தியத் தலைதான். எண்கோண முத்திரையில் பி 172 என்றால் சிங்கப்பூர், பி 147 பினாங்கு, பி 109 மலாக்கா. அரேபியாவின் ஏடன் துறைமுகத்தில் 124. தனித் தலையிலேயே இந்த எண் தெளிவாக இருந்தால் விலை ஏறும். கவரோடு இருந்தால் பல மடங்கு.

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கம் விலாசமிட்ட பினாங்குக் கடிதங்கள் உண்டு. கடல் தாண்டி வியாபாரம் செய்த தமிழ் வணிகர்கள் ஊருக்கு எழுதியவை. சரக்கு விலை, உண்டியலில் (பணம் அனுப்பும் சீட்டு) வந்த பணம், கப்பல் எப்போது புறப்படும், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை எழுதியிருப்பார்கள். தமிழ்ச் சேகரிப்பாளர் ஒருவர் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு கிளையிலேயே இருக்கலாம். பணம் இருந்தால் நான் வேறு எதையும் வாங்க மாட்டேன்.

நாலணாத் தலை எட்டு மூலையாக வெட்டியிருக்கிறதே, மதிப்பு உண்டா?

குறைவு. வடிவம் எண்கோணம் என்பதால் அன்றைக்கு ஒட்டியவர்களில் பலர் ஓரத்தையொட்டி வெட்டிவிட்டார்கள். சதுரமாக, நான்கு பக்கமும் வெள்ளை இடம் விட்டு வெட்டியது அரிது. விலை வித்தியாசம் தலைசுற்ற வைக்கும். கவரில் இருந்தால் வெட்டிய தலைக்கும் மரியாதை உண்டு. இங்கிலாந்துக்கு சவுத்தாம்ப்டன் வழியாகப் போகும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஆறு பென்ஸ், அதாவது நாலணா. அதனால் இந்தத் தலையைப் பெரும்பாலும் கடல் கடந்த கடிதங்களில் பார்க்கலாம்.

அதில்தான் ராணி தலைகீழாக இருக்கும் என்கிறார்களே?

ஆமாம். நாலணாவுக்கு இரண்டு நிறம். வெளிச் சட்டகத்தைச் சிவப்பில் ஒருமுறை, ராணியின் தலையை நீலத்தில் இன்னொரு முறை அச்சடித்தார்கள். இடையில் தாள் திரும்பிப் போனதில் சட்டகத்துக்குள் ராணியின் தலை கவிழ்ந்தது. உலகின் முதல் 'தலைகீழ்' பிழைகளில் ஒன்று. அச்சகத்திலும் யாரும் கவனிக்கவில்லை, தபால் ஆபீசிலும் கவனிக்கவில்லை, வாங்கி ஒட்டியவரும் கவனிக்கவில்லை. கவரோடு மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. பரணில் கிடைத்தது என்று யாராவது காட்டினால் அநேகமாகப் போலி.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலை போலி, முத்திரை போலி, இரண்டும் அசல் ஆனால் சேர்க்கை போலி என்று மூன்று வகை. மூன்றாவதுதான் ஆபத்து. தலை வந்த பிறகும் பலர் தலை ஒட்டாமலே அனுப்பினார்கள். பெறுபவர் இரட்டைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். காசு வர வேண்டியிருந்தால்தான் தபால்காரர் தேடிக் கொண்டுவந்து கொடுப்பார் என்று ஒரு நம்பிக்கை. இப்படித் தலையில்லாத அசல் கவர்கள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு உதிரித் தலையை ஒட்டி, முத்திரையை மையால் நீட்டி வரைந்துவிட்டால் விலை எகிறும். அதனால்:

முத்திரை தலையின் மேலும் காகிதத்தின் மேலும் தொடர்ச்சியாக விழுந்திருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தலையின் விளிம்பில் மை ஒரு மயிரிழை தாவியிருக்கும், அது இயல்பு. விளிம்பில் கோடு தடிமன் மாறினாலோ, மையின் நிறம் மாறினாலோ சந்தேகப்படுங்கள். நூற்று எழுபது ஆண்டு ஒட்டியிருந்த தலைக்குப் பின்னால், தாளின் உட்பக்கத்தில் லேசான நிழல் படிந்திருக்கும். புற ஊதா விளக்கில் பழுது பார்த்த இடமும் அழித்த பேனாக் கோடும் தனியாகத் தெரியும். கட்டணம் வசூலிக்க வேண்டும் என்ற முத்திரையும் முழுக் கட்டணத் தலையும் ஒரே கவரில் இருந்தால் கணக்குப் போடுங்கள். எடை கூடியதால் மீதிக்கு வசூலித்திருக்கலாம், அது அசல். கணக்கு எந்த வழியிலும் வரவில்லை என்றால் பின்னால் வந்து ஒட்டிய தலை.

இன்னொன்று. முதலில் அரை அணாவைச் சிவப்பில்தான் அச்சடிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துபோய், உள்ளூர் மை கல்லைக் கெடுத்ததால் நீலத்துக்கு மாறினார்கள். ஓரத்தில் ஒன்பதரை வளைவு கொண்ட அந்தச் சிவப்பு அரை அணா முறைப்படி வெளியிடப்படவே இல்லை. கவரில் ஒட்டிய நிலையில் யாராவது விற்க வந்தால் முதலில் சந்தேகம், பிறகு பேச்சு.

கடிதத்தின் நடுவில் ஓட்டை இருக்கிறது. பூச்சி அரித்ததா?

வட்டமாக ஒரே ஒரு ஓட்டை என்றால் கம்பியில் குத்தி வைத்தது. கடைகளிலும் மண்டிகளிலும் வந்த கடிதங்களை இப்படித்தான் கோத்தார்கள். தலையைத் தொடாமல் இருந்தால் பெரிய குறை இல்லை. வணிகர் கட்டிலிருந்து வந்தது என்பதற்கு நல்ல அடையாளமும்கூட. ஒழுங்கில்லாத சுரங்கமாக இருந்தால் பூச்சிதான்.

சான்றிதழ் வாங்க வேண்டுமா?

விலை உயர்ந்ததற்கு வேண்டும். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு, நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் ஆகியவற்றின் சான்றிதழ் எங்கும் செல்லும். அரை அணாக் கவருக்கெல்லாம் கட்டணம் கட்டி அனுப்புவது வீண். விற்பவரே எழுதிக் கொடுத்த 'அசல்' சீட்டு சான்றிதழ் ஆகாது.

சிறு பணத்தில் எங்கே தொடங்குவது?

அரை அணா நீலம். நான்கில் அதிகம் அச்சானது அதுதான், கவரிலும் கிடைக்கும். மூன்று வகை அச்சு மூலம் உண்டு, ராணியின் கொண்டையில் உள்ள நிழற்கோடுகளைப் பார்த்துப் பிரிக்கலாம். ஒரே தலையில் பல ஊர், பல முத்திரை என்று சேர்க்க ஆரம்பித்தால் நல்ல தொகுப்பாகும். அதுவும் முடியாது என்றால் 1860, 70களின் டிலாரூ அரை அணாக் கவர்கள் இன்னும் மலிவு. திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் 1888இல் வந்தவை, சங்குச் சின்னம் அச்சிட்டவை. அவற்றின் கவர்களும் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன.

சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால் தலைப் பிரிவில் புதுத் தலைதான் கிடைக்கும். பழையதற்கு தென்னிந்திய அஞ்சல் தலைச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் கூட்டங்களும் கண்காட்சிகளும் நல்லவை. மூத்த சேகரிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து நூறு கவரைப் புரட்டிப் பார்த்த பிறகு ஒன்று வாங்குங்கள்.

உலகின் விலை உயர்ந்த கவர் இந்தியாவில் கிடைத்தது என்பது உண்மையா?

மிக உயர்ந்தவற்றில் ஒன்று. மொரிஷியஸ் தீவு 1847 செப்டம்பரில் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தலைகளை வகைக்கு 500 மட்டும் அச்சடித்தது. இரண்டும் சேர்ந்து இன்று 27தான் மிச்சம். அதில் ஒரு பென்னித் தலை இரண்டை ஒட்டி, பம்பாயில் விவிலியச் சங்கச் செயலாளருக்குப் போன கடிதம் ஒன்று 1890களின் இறுதியில் இந்தியக் கடைத்தெரு ஒன்றில் 50 பவுண்டுக்குக் கைமாறியது. 1968இல் நியூயார்க் ஏலத்தில் அதே கவர் 3,80,000 டாலர்.

இலங்கைத் தலை?

அங்கே முதல் தலை 1857 ஏப்ரல் 1, ஆறு பென்ஸ். 1859இன் நாலு பென்ஸ் ரோஜா நிறம்தான் எல்லாரும் தேடுவது.

கவரிலிருந்து தலையைக் கழற்றலாமா?

கூடாது.

நம் ஊர் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழும், ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகும் பீரோவில், படுக்கை வசமாக வையுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மடிப்பு கிழிந்திருந்தால் அப்படியே விடுங்கள், அல்லது காகிதம் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வெயில் படாத இடத்தில் பிரித்து வைத்துக் காற்றாட விட்டால் போதும்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா?

கேட்காமல் அனுப்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணமும் தனியார் வழியாக நாட்டை விட்டுப் போகக் கூடாது; மத்திய அரசோ அது அதிகாரம் தந்த அமைப்போதான் அனுப்பலாம். உங்கள் கவர் அந்த வரையறைக்குள் வருமா என்பதை விற்பவரோ தரகரோ முடிவு செய்ய முடியாது. இந்தியத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்டு, வராது என்றால் அதற்கான சான்றை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். இந்தியாவுக்குள் நடக்கும் ஏலங்களிலேயே இப்போது நல்ல விலை கிடைப்பதால், பலர் அந்த அலைச்சலுக்குப் போவதில்லை.